கோழி கொத்தாத பூச்சி

தோட்டத்துப் பூச்சிகளைக் கோழி தின்னலாமா, தின்றால் ஒன்றும் செய்யாதா என்று எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் அம்மாவிடம் கேட்டார். நாலு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி, கம்பிவலை அடித்து, தீவனம் வைத்து வளர்க்கிறவர். வலைக்கு வெளியே விட்டால் கண்டதையும் கொத்துகின்றன என்பது அவருடைய கவலை. அம்மாவின் பதில் ஒரே வாக்கியம்: ‘தின்னக்கூடாதத அது தின்னாது.’ அவர் திருப்தியடைந்தவராகத் தெரியவில்லை. இது நடந்தது 2021 ஆனியில். அதே வருஷம் புரட்டாசியில் அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் வந்து சேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் கோழியோடு இருந்தவள் சொல்வதை அனுபவம் என்று ஒப்புக்கொள்வதா, நம்பிக்கை என்று ஒதுக்குவதா என்பதுதான் முதல் கேள்வி.

எங்கள் வீடு தாமிரபரணிப் பாசனத்தில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. புறவாசலில் ஒரு முருங்கை, இரண்டு மூன்று வாழை, ஒரு தென்னை, எருக்குழி, வாய்க்கால் ஓரத்தில் யாரும் நடாத எருக்கு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு குத்தகைத் தோட்டம். அம்மாவின் கோழிகள் சிறுவிடை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் நேரே எருக்குழிக்குப் போகும். இரண்டு காலாலும் பறித்துவிட்டு, ஓரடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். சாணி வண்டின் புழு, சில்வண்டு, பிள்ளைப்பூச்சி, மண்புழு, எறும்பு முட்டை எல்லாம் அந்த ஒற்றைக் கண்ணுக்குத் தப்பாது. வெயில் ஏறியதும் புல்லுக்குள் தத்துக்கிளி. மழைக்குப் பிந்திய ராத்திரி விளக்கடியில் விழுந்த ஈசலைக் காலையில் பெருக்கிக் கொட்டினால் ஒரு நிமிஷத்தில் தரை சுத்தம். குஞ்சு பொரித்த சமயத்தில் அம்மா கரையான் பிடிப்பாள். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துணுக்கு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற மண்ணில் கவிழ்த்துவைத்தால் விடிவதற்குள் பானை நிறைந்திருக்கும். தட்டிவிட்டால் குஞ்சுகள் மிதித்துக்கொண்டு தின்னும். கோழித் தீவனம் மூட்டையில் வராத காலத்தில் குஞ்சுகளின் உடம்பில் சதை வைத்தது கரையான்தான்.

தொடாதவையும் உண்டு. மரவட்டையை ஒரு பெட்டை கொத்தி, உடனே போட்டுவிட்டு, அலகை மண்ணில் இப்படியும் அப்படியுமாகத் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் மழைக்கு வெளிவருகிற சிவப்புப் பட்டுப்பூச்சி, சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருகிறதே அது, கோழிகளின் நடுவே பயமில்லாமல் ஊர்ந்துபோகும். மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியை விலகிப் போகும். எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். பச்சை வெட்டுக்கிளிக்காக வேலியைத் தாண்டுகிற கோழி இதன் பக்கம் திரும்புவதில்லை. இவ்வளவையும் பார்த்த ஒருத்தி ‘தின்னக்கூடாதத அது தின்னாது’ என்று சொன்னால் அது வெறும் நம்பிக்கையாகாது.

அம்மாவின் வாக்கியத்துக்கு இங்கிலாந்தில் சாட்சிகள் இருக்கிறார்கள். புழுக்களில் சில ஏன் இவ்வளவு பகட்டான நிறத்தில் இருக்கின்றன என்று டார்வினுக்கு ஒரு குழப்பம். வண்ணத்துப்பூச்சியின் நிறத்துக்குத் துணை தேடுவதைக் காரணம் சொல்லலாம். புழுவுக்கு ஏது துணை? 1867ல் அவர் வாலஸிடம் கேட்டார். வாலஸ் சொன்ன விளக்கம் சுலபமானது: அந்தப் புழுக்கள் கசப்பானவையாக இருக்கவேண்டும், நிறம் பறவைக்கு ஓர் எச்சரிக்கை, கொத்தியபின் துப்புவதால் புழுவுக்கு லாபமில்லை, கொத்துமுன்பே தெரிந்தாகவேண்டும். 1890களில் லாயிட் மார்கன் என்பவர் கோழிக்குஞ்சுகளின் முன் மஞ்சளும் கறுப்புமாக வளையம் போட்ட ஒரு புழுவை விட்டுப் பார்த்தார். குஞ்சுகள் ஆவலோடு கொத்தி, உடனே கீழே போட்டு, அலகைத் துடைத்தன. மறுநாள் அதே புழுவைக் காட்டியபோது விலகின. இதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பின்னால் ஸ்டீவன் ரோஸ், நினைவு என்பது மூளையில் எப்படித் தங்குகிறது என்று தெரிந்துகொள்ள, பிறந்த மறுநாள் குஞ்சுக்குக் கசப்புத் தடவிய பளபளப்பான மணி ஒன்றைக் காட்டினார். ஒரு தடவை கொத்தியதே போதும். தலையை உதறும். பிறகு கசப்பில்லாத அதே மணியைக் காட்டினாலும் கொத்தாது. மனிதனுக்குக் கசப்பை உணர்கிற மரபணுக்கள் 25 வாக்கில் உண்டு, கோழிக்கு மூன்றே மூன்று. நாக்கு ஏழை. அந்த ஏழைமையைக் கண் ஈடுசெய்கிறது. நமக்கு நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்பணுக்கள் என்றால் அதற்கு நான்கு. ஆக, கோழியின் அறிவு ஒரு தடவை சுட்ட கசப்பும் அதோடு ஒட்டிக்கொண்ட நிறமும்தான். அது நிறத்தைப் படிக்கிறது. பிறந்த இரண்டாம் நாளிலிருந்து படிக்கிறது.

எருக்கின் மேல் நடக்கிற விஷயம் இன்னும் நுட்பமானது. ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரம் போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி, இப்போது ஆர்வலர்கள் வெந்தய வரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எருக்கிலையில் முட்டையிடும். புழு எருக்கைத் தின்று அதன் பாலில் உள்ள, இதயத்தைத் தாக்குகிற விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். விஷம் பூச்சியுடையது அல்ல, செடியுடையது. பூச்சி கடன் வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் இதன் உறவான மன்னர் வண்ணத்துப்பூச்சியை லிங்கன் ப்ரவர் ஒரு நீல ஜே பறவைக்குக் கொடுத்தார். தின்ற பறவை சில நிமிஷங்களில் வாந்தி எடுத்தது. அதன்பின் அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கியது. அதே பூச்சியை விஷமில்லாத செடியில் வளர்த்துக் கொடுத்தபோது பறவை நிம்மதியாகத் தின்றது. இந்தச் சோதனையின் முக்கியம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பூச்சி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பூச்சியின் பெயரில் பதில் இல்லை. அது எதைத் தின்றது, எங்கே இருந்தது என்பதில்தான் பதில் இருக்கிறது.

வேறொரு வண்ணத்துப்பூச்சி. இதன் புழு தின்பது பருப்புக்கீரை, நாம் கடைந்து சாப்பிடுகிற அதே கீரை. உடம்பில் ஒரு சொட்டு விஷம் கிடையாது. ஆனால் இதன் பெட்டை அச்சாக வெந்தய வரியனைப்போலவே உடுத்திக்கொண்டு பறக்கிறது. பார்த்த பறவை விட்டுவிடுகிறது. இந்த வேஷத்தை 1862லேயே பேட்ஸ் விளக்கிவிட்டார், வேறு நாட்டுப் பூச்சிகளை வைத்து. அடையாளம் மட்டும் இருக்கிறது, அதற்கு ஆதாரமான பொருள் இல்லை. இதைப் படித்தபோது நம் பத்திரிகைகளில் வருகிற சில கவிதைகள் ஞாபகம் வந்ததை மறைக்க வேண்டியதில்லை. இருட்டு, முள், பிணம், எருக்கு என்று நிறம் மட்டும் இருக்கும். கடித்துப் பார்த்தால் பருப்புக்கீரை. ஆனால் அது பெரிய குற்றமல்ல. நிறத்தை மட்டும் கொண்டு பிழைக்கிறவர்களால் யாரும் சாவதில்லை. அசல் கசப்புப் போதுமான அளவு புழங்குகிற வரைக்கும்தான் வேஷமும் செல்லும். கவலைப்படவேண்டியது இதற்கு நேர்மாறான நிலைமையைப் பற்றி: பொருள் இருக்கிறது, அடையாளம் இல்லை.

அப்படிப்பட்ட இடங்களும் உண்டு. அமெரிக்காவில் ரோஜாவையும் திராட்சையையும் அரிக்கிற பழுப்பு வண்டு ஒன்று இருக்கிறது. கண்ணைக் கவராத நிறம். கோழிகள் அதை ஆசையோடு தின்கின்றன. வளர்ந்த கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது, குஞ்சு செத்துப்போகிறது. 1910களில் கனெக்டிகட்டில் இதைச் சோதித்து எழுதினார்கள். கோழியின் மூதாதையான காட்டுக்கோழி நம் பக்கத்து ஆசியக் காடுகளில் திரிந்தது. அதன் கண் படித்த பாடத்தில் அமெரிக்க வண்டு இல்லை என்பது என் ஊகம். சொந்த ஊரில் சம்பாதித்த அறிவை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்ற கேள்வியும் இதில் இருக்கிறது.

இன்னொரு வண்டு நம்மிடமே உண்டு. துவரையிலும் அவரையிலும் வெண்டைப் பூவிலும் கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்டு உட்கார்ந்திருக்கும். பிடித்தால் முழங்காலிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசியும், பட்ட இடம் கொப்புளிக்கும். அந்த நீரிலுள்ள காந்தாரிடினை 1810ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பிரித்தெடுத்தார். இந்த வண்டுகளோடு உலர்ந்த புல்லைத் தின்ற குதிரைகள் செத்திருக்கின்றன. பறவைகளிலும் தவளைகளிலும் சில இதைத் தின்றுவிட்டுச் சௌக்கியமாக இருக்கின்றன. தின்றது சௌக்கியமாக இருக்கிறது, ஆனால் விஷம் எங்கேயும் போய்விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவில் தவளைக் கால் சாப்பிட்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் பலர் ஒரே சமயத்தில் உபாதைப்பட்டார்கள். அந்தத் தவளைகள் இந்த ஜாதி வண்டைத் தின்றவை. தாமஸ் ஐஸ்னரும் கூட இருந்தவர்களும் தவளைக்கு இந்த வண்டைக் கொடுத்துப் பார்த்து, விஷம் அதன் சதையில் தங்குகிறது என்று 1990ல் எழுதினார்கள். ஆப்பிரிக்காவில் முள்சிறகு வாத்தின் இறைச்சியும் இதே காரணத்தால் சில சமயம் விஷமாகிறது. ஆக, ‘கோழிக்கு ஒன்றும் செய்யாதா’ என்பது பாதிக் கேள்விதான். கோழி ஒரு முடிவல்ல, அதற்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறது, தட்டின் முன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நிறமும் கசப்பும் இல்லாத பழைய ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். சில கோழிகளின் குடலைக் கழுவும்போது உள்ளே முடிச்சு முடிச்சாக இருக்கும். அதைச் செய்கிற நாடாப்புழு கோழிக்கு எறும்பு வழியாக வருகிறது. வேறொரு நாடாப்புழு வண்டு வழியாகவும் வீட்டு ஈ வழியாகவும் வருகிறது. எருக்குழியில் வாழ்கிற ஒரு கரப்பான் ஜாதியில் ஒரு புழுவின் இளங்கூறு இருக்கும். கோழி கரப்பானைத் தின்றதும் அது இரைப்பையிலிருந்து தொண்டை வழியே மேலேறி, வாய்க்கு வந்து, கண்ணீர் இறங்குகிற குழாய் வழியாகக் கண்ணுக்குள் போய்விடும். கோழி எந்தக் கண்ணால் பார்த்து அந்தக் கரப்பானைக் கொத்தியதோ அந்தக் கண்ணுக்கே. மண்புழுவின் கதை பெட்டிக்குள் பெட்டி. மண்புழுவுக்குள் குடற்புழுவின் இளங்கூறு, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒற்றை அணு உயிர். கோழி பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் வான்கோழி இருந்தால் ஈரல் அழுகிச் சாகிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை பழைய உறவுகள். புழு கோழியை உடனே கொன்றுவிட்டால் புழுவுக்கே நஷ்டம். எருக்குழியை மாற்றி வெட்டுவது, ஒரே இடத்தில் வருஷக்கணக்காக அடைக்காமலிருப்பது, குடற்புழுவுக்கு அவ்வப்போது மருந்து கொடுப்பது என்று இவற்றோடு குடும்பம் நடத்திவிடலாம்.

பிணத்தில் நெளிகிற புழு மட்டும் வேறு. செத்த எலியோ கோழியோ கிடந்து அதில் பச்சை ஈயின் புழு வைத்தால், அழுகலில் உண்டாகும் ஒரு நஞ்சு புழுவில் சேர்ந்துவிடும். புழுவை அது ஒன்றும் செய்யாது. அதைத் தின்ற கோழியின் கழுத்து துவண்டு தரையில் கிடக்கும். இந்த நஞ்சை உண்டாக்குகிற நுண்ணுயிரை, 1922ல் இடா பெங்ட்ஸன் என்ற பெண்மணி பச்சை ஈயின் புழுவிலிருந்தே பிரித்தெடுத்தார். கோழி இந்தப் புழுவை விலக்குவதில்லை, விருந்தாகத் தின்கிறது. அம்மாவின் வாக்கியம் இங்கே பொய்க்கிறது. ஆனால் அம்மா அதை வேறு வழியில் சரிக்கட்டியிருக்கிறாள். செத்தது எதையும் அவள் எருக்குழியில் போடவிடமாட்டாள். கோழிக்குத் தெரியாத இடத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாக்கியம் கோழியைப் பற்றியதாக இருந்தாலும் அதற்குள் அவளும் இருக்கிறாள்.

இனி புரட்டாசி.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அந்த வருஷம் கத்தரி. கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது என்பதால் அது உள்ளே போகுமுன் அடிக்கவேண்டும், திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும். ஒரு சாயங்காலம் அடித்திருக்கிறார்கள். மறுநாள் வழக்கம்போலக் கோழிகள் வாய்க்காலைத் தாண்டின. மத்தியானத்துக்குள் இரண்டு பெட்டைகள் வாயில் கோழை வடிய, இறக்கை தொங்க, காலைப் பரப்பிக்கொண்டு நடுங்கின. சாயங்காலம் மூன்றாவது. நாட்டுக்கோழி ஒன்பதில் மூன்று போயிற்று, தாயோடு போயிருந்த குஞ்சுகளில் ஐந்து. கால்நடை மருத்துவர் ஊசி போட்டதில் ஒன்று பிழைத்துக்கொண்டது. செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொன்னார். மிச்சக் கோழிகளின் முட்டையைக் கொஞ்ச நாளைக்குச் சாப்பிடவேண்டாம் என்றார். வீட்டில் அப்போது என் தங்கை மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அந்த முட்டைகளை அம்மா அவளுக்கென்றுதான் அரிசிப் பானையில் சேர்த்துவைத்திருந்தாள். எடுத்துக்கொண்டுபோய்த் தென்னை மூட்டில் குழிதோண்டிப் புதைத்தாள். கோழிகள் செத்ததற்கு அவள் அழவில்லை. கோழி சாகும், அவளுக்கு அது புதிதல்ல. முட்டையைப் புதைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, ‘அதுக்குத் தெரியலையே ஐயா’ என்றாள். இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

தெரிவதற்கு அங்கே என்ன இருந்தது? எருக்கின் விஷத்தைப் பூச்சி தன் தலைமுறைகளைக் கொண்டு சம்பாதிக்கிறது. அந்தச் சம்பாத்தியத்தைத் தோலில் எழுதிக்கொள்கிறது, எழுதியதைப் பறவையின் கண் தன் தலைமுறைகளைக் கொண்டு படிக்கக் கற்றுக்கொள்கிறது. விஷமும் அறிவிப்பும் சேர்ந்தே வளர்கின்றன, ஏனென்றால் அறிவிக்காத விஷத்தால் பூச்சிக்குப் பிரயோஜனமில்லை. மனிதன் தெளித்தது அப்படியல்ல. அதைத் தாங்குகிற தத்துக்கிளி நேற்றுவரை நல்ல தத்துக்கிளி. இன்றைக்கும் அதே பச்சை. ஒரே ஒரு வித்தியாசம், அதனால் தாவ முடியவில்லை. கிறங்கிக் கிடக்கிறது, காலை உதைத்துக்கொள்கிறது. அசைவைப் பார்த்துக் கொத்துகிற கண்ணுக்கு, ஓட முடியாமல் அசைவது மட்டும் செய்கிற பூச்சியைவிட நல்ல அழைப்பு எது? இயற்கையில் விஷம் ‘வராதே’ என்று சொல்லும். இங்கே விஷம் ‘வா’ என்கிறது.

உலகம் இதை ஒரு தடவை பெரிய அளவில் பார்த்தாயிற்று. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களின் நோய்க்காக 1954லிருந்து டி.டி.டி. அடித்தார்கள். இலை உதிர்ந்தது, மண்புழு இலையைத் தின்றது, அடுத்த வசந்தத்தில் வந்த ராபின்கள் மண்புழுவைத் தின்று நடுங்கிச் செத்தன. பதினோரு பெரிய மண்புழுக்களில் ஒரு ராபினைக் கொல்லும் அளவு இருந்தது என்றும், பதினோரு புழுவை அது பதினோரு நிமிஷத்தில் தின்றுவிடும் என்றும் கணக்குச் சொன்னார்கள். ரேச்சல் கார்ஸன் 1962ல் ‘மௌன வசந்தம்’ புத்தகத்தில் இதை எழுதினார். நம் நாட்டில் டி.டி.டி. விவசாயத்துக்கு 1989ல் நிறுத்தப்பட்டது. எண்டோசல்ஃபானை 2011ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. போனவற்றின் இடத்தில் வேறு வருகின்றன. அவற்றில் சில பறவைக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாதவை, செவ்வந்தி இனத்துப் பூவில் கண்டுபிடித்த மருந்தின் வழிவந்தவை அப்படி. சில ஒரே நாளில் கொல்பவை. கோழியின் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை வெட்டுக்கிளி.

சட்டம் செய்தவர்களுக்கு அடையாளத்தின் அவசியம் தெரியாமலில்லை. 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971ல் அதன் விதிகள். டப்பாவின் மேல் முனையில் நிறுத்திய சதுரம் ஒன்றை அச்சிடவேண்டும், அதன் கீழ் முக்கோணத்தில் நிறம் இருக்கவேண்டும். கடும் விஷத்துக்குச் சிவப்பு, அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பிறகு பச்சை. சிவப்பின் மேல் மண்டையோடும் எலும்பும். வாலஸ் புழுவில் பார்த்த உபாயத்தையே அரசாங்கம் தகரத்தில் அச்சடித்திருக்கிறது. எனக்கு இதில் பரிகாசம் இல்லை, நல்ல யோசனைதான். ஆனால் நிறம் டப்பாவோடு நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்து தண்ணீரில் கலந்ததும் உள்ளே இருந்தது வெளியே போய்விடுகிறது, முக்கோணம் வரப்பில் கிடக்கிறது. பெட்டைகள் செத்த மறுநாள் நான் வாய்க்காலைத் தாண்டிப் போய் அந்தக் காலி டப்பாவைப் பார்த்தேன். மஞ்சள். அழகான மஞ்சள். ஒரு கோழி எட்ட நின்றே கண்டுகொள்ளக்கூடிய மஞ்சள்.

தோட்டக்காரர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. குத்தகை, வட்டி, கடைக்காரர் சொல்கிற அளவு, துளை விழுந்த காயைத் தள்ளிவிடுகிற சந்தை என்று அவரைச் சுற்றியும் ஒரு வலை. அம்மா அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. ஒரு நாள் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, ‘அடிக்கதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன’ என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அது ஒரு புதிய யோசனையாக இருந்தது என்று நினைக்கிறேன். மறுதடவையிலிருந்து சாயங்காலமே குரல் வரும்: ‘ஆச்சி, நாளைக்கு மருந்து அடிக்கேன். ரெண்டு மூணு நாளைக்குக் கோழியத் தெறந்து விட்ராதிய.’

எழுத்தையும் சொல்லையும் பற்றி இருபது வருஷமாக ஏதேதோ எழுதிவருகிற எனக்கு, சொல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைத்ததில்லை. அந்த இரண்டு வாக்கியங்களில் படிமமில்லை, குறியீடில்லை. தத்துக்கிளியின் மேல் இல்லாமற்போன மஞ்சளும் கறுப்பும்தான் அவை. எருக்குப் புழுவின் தோலில் இயற்கை எழுதிவைத்ததை இங்கே ஒரு மனிதன் வாயால் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் விஷத்தைக் கொண்டுவந்தவன் அவன். அவன் சொல்லாவிட்டால் அதைச் சொல்ல உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

கோழிகள் மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள் அடைந்து கிடக்கின்றன. கம்பும் அரிசிக் குறுணையும் கீரைத் தண்டும் போடுகிறோம். மஞ்சள்கரு வெளுத்துவிடுகிறது. பஞ்சாரத்துக்குள்ளிருந்து தரையைப் பறித்துக்கொண்டே இருக்கும், பறித்துவிட்டு ஓரடி பின்னால் வர இடமிருக்காது. திறந்துவிடுகிற நாளைக் கணக்குப் போடுகிறது அம்மாதான். மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம், வாய்க்காலில் தண்ணீர் எப்படி என்று பார்ப்பாள். புதிதாகக் குடிவந்தவர் இன்னொரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் அவரிடம் சொல்ல இப்போது என்னிடம் நீளமான பதில் இருக்கிறது. கரையானும் ஈசலும் தத்துக்கிளியும் சில்வண்டும் தின்னட்டும், நிறம் காட்டுவதை அதுவே விட்டுவிடும், அழுகலை நீங்கள் அப்புறப்படுத்துங்கள், பக்கத்துத் தோட்டக்காரரோடு பேச்சுவார்த்தையில் இருங்கள். கடைசியில் சொன்னதுதான் முதலில் செய்யவேண்டியது.

தோட்டக்காரர் ஊரில் இல்லாத நாட்களில் கூலிக்கு வேறு ஆள் வந்து அடிக்கிறான். அவனுக்குச் சொல்லவேண்டும் என்று தெரியாது. அதனால் அம்மா காலையில் பஞ்சாரத்தைத் தூக்குமுன் வாய்க்கால் வரைக்கும் நடந்துபோய், சேலைத் தலைப்பை விலக்கிக்கொண்டு காற்றை முகர்ந்து பார்க்கிறாள். இப்போது வருகிற மருந்துகளில் சிலவற்றுக்கு வாடையே இல்லை என்று தோட்டக்காரர் சொல்கிறார்.